மிக்சினா, எக்ஸ்டெண்டா?

தம்பி, வேலை நேர்காணலில் சாஸில் (Sass, இணையப் பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சி.எஸ்.எஸ்.ஸை எளிதாக எழுத உதவும் மொழி) மிக்சினுக்கும் எக்ஸ்டெண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டதும் பதில் வராமல் நின்றுவிட்டதாக எழுதியிருந்தீர்கள். இனி சாஸ் எல்லாம் யார் கேட்கப் போகிறார்கள், பிரவுசரிலேயே எல்லாம் வந்துவிட்டதே, அதை விட்டுவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். விட வேண்டாம். அந்தக் கேள்வி உங்களை மடக்குவதற்காகக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரே ஸ்டைலைப் பத்து இடத்தில் எழுத வேண்டி வந்தால் இந்தப் பையன் என்ன செய்வான் என்று பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மூன்று பட்டன் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: சேமி, ரத்து செய், நீக்கு. பேடிங், வளைந்த மூலை, எழுத்தின் அளவு என்று ஆறு வரி மூன்றுக்கும் பொது, பின்னணி நிறம் மட்டும் வேறு. அந்த ஆறு வரியை மிக்சினாக, அதாவது பெயர் வைத்த ஒரு தொகுப்பாக, எழுதி மூன்று இடத்திலும் இன்க்ளூட் செய்தால், கம்பைல் ஆகி, அதாவது பிரவுசருக்குப் புரியும் வடிவத்துக்கு மாறி, வரும் சி.எஸ்.எஸ். கோப்பில் ஆறு வரியும் மூன்று முறை வரும், மொத்தம் 18 வரி. எக்ஸ்டெண்ட் செய்தால், அதாவது ஒன்றின் ஸ்டைலையே மற்றதும் எடுத்துக்கொள்ளச் சொன்னால், சாஸ் செலக்டர்களை (ஸ்டைல் எதற்கு என்று குறிக்கும் பெயர்களை) கமா போட்டு ஒன்றாகக் கோத்து, ஆறு வரியை ஒரே ஒரு முறைதான் எழுதும்.

அப்படியென்றால் எக்ஸ்டெண்ட்தானே நல்லது என்று தோன்றும். இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். நீங்கள் எக்ஸ்டெண்ட் செய்த கிளாஸ் அந்த ஸ்டைல்ஷீட்டில் வேறு எங்கெல்லாம் வருகிறதோ, அங்கெல்லாம் உங்கள் புதிய செலக்டரும் போய் ஒட்டிக்கொள்ளும். அதோடு அந்த விதி நீங்கள் எழுதிய இடத்தில் வராது, மூல விதி இருக்கிற இடத்துக்குப் போய்விடும், அதனால் எது எதை மேலெழுதுகிறது என்ற வரிசையே மாறிப்போகும். மீடியா கொயரிக்குள் (திரை அளவு போன்ற நிபந்தனைக்கு உட்பட்ட விதிகளுக்குள்) இருந்துகொண்டு வெளியே இருக்கும் செலக்டரை எக்ஸ்டெண்ட் செய்தால் கம்பைலர் பிழை காட்டி நின்றுவிடும். முக்கியமாக, மிக்சினுக்கு நிறத்தையோ அளவையோ ஆர்க்யுமெண்டாக, அதாவது ஒவ்வொரு முறையும் மாற்றித் தரும் மதிப்பாக, கொடுக்கலாம், எக்ஸ்டெண்டுக்கு அது முடியாது.

என் கருத்து இதுதான்: மதிப்பு இடத்துக்கு இடம் மாறும் என்றால் மிக்சின். உண்மையிலேயே ஒரே வகைப் பொருள்தான், மாறவே மாறாது என்றால் சதவீதக் குறி போட்டு எழுதும் பிளேஸ்ஹோல்டரை எக்ஸ்டெண்ட் செய்யுங்கள், அது தனியாக சி.எஸ்.எஸ்.ஸில் வராது, கண்ட இடத்திலும் ஒட்டாது. மிக்சினால் கோப்பு பெருத்துவிடும் என்று ரொம்பப் பயப்பட வேண்டாம், திரும்பத் திரும்ப வரும் வரிகளை, கோப்பை அனுப்பும்போது சுருக்கும் ஜிஜிப் முறை நன்றாகவே சுருக்கிவிடும்.

பிரவுசர் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. 2023-இல் முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் நெஸ்டிங் (ஒரு விதிக்குள் இன்னொன்றை எழுதுவது) வந்துவிட்டது, வேரியபிள் (ஒரு மதிப்புக்குப் பெயர் வைப்பது) அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வந்தாயிற்று. ஆனால் சாஸ் வேரியபிள் கம்பைல் ஆனதும் மறைந்துவிடும், சி.எஸ்.எஸ். வேரியபிள் பிரவுசருக்குள் உயிரோடு இருக்கும், அதனால்தான் டார்க் தீம் மாதிரி ஓடும்போதே மாற வேண்டியதற்கு அதுவே சரி. இந்த ஒன்றைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தாலே நீங்கள் இரண்டையும் கையில் எடுத்து வேலை பார்த்தவர் என்பது தெரிந்துவிடும். அப்புறம், வேலையில் சேர்ந்ததும் உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் வேறு யாரோ எழுதிவைத்த கோப்புகள்தான். தயார் ஸ்டைல்களின் தொகுப்பான பூட்ஸ்டிராப் கூட 4-ஆம் பதிப்பில், சாஸ் போன்ற இன்னொரு மொழியான லெஸ்ஸை விட்டு சாஸுக்கு மாறியது, 5-ஆம் பதிப்பின் மூலக் கோப்புகளும் சாஸில்தான் இருக்கின்றன.

பழைய வீடியோக்களைப் பார்த்துப் படிக்கும்போது மட்டும் கவனமாக இருங்கள். சாஸைக் கம்பைல் செய்யும் கருவிகளில் ரூபி சாஸ் 2019-இல் முடிந்துபோனது, லிப்சாஸையும் 2020-இல் கைவிடச் சொல்லிவிட்டார்கள், இன்று டார்ட் சாஸ்தான். கோப்புகளைச் சேர்க்க இம்போர்ட் என்று சொல்லிக்கொடுத்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், 2019-இலேயே அதற்குப் பதிலாக யூஸ் வந்துவிட்டது, 2024 முதல் இம்போர்ட்டுக்கு டார்ட் சாஸ் எச்சரிக்கை காட்டுகிறது.

புதிதாக எதுவும் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே வெறும் சி.எஸ்.எஸ்.ஸில் நீங்கள் செய்த பக்கம் ஒன்றை எடுத்து, எந்த நிறம் எத்தனை முறை வருகிறது, எந்த நாலைந்து வரி எப்போதும் சேர்ந்தே வருகிறது என்று முதலில் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு அவற்றை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கமிட் (மாற்றத்தைப் பதிவுசெய்வது), ஒவ்வொரு முறையும் கம்பைல் ஆன கோப்பைத் திறந்து பார்ப்பது. பலர் இந்தக் கடைசி வேலையைச் செய்வதே இல்லை, அதனால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் வருவதில்லை. நெஸ்டிங்கில் மூன்று அடுக்குக்கு மேல் போகாதீர்கள்.

சரி, ரெஸ்யூமேயில் சாஸ், லெஸ், ஸ்டைலஸ் என்று வரிசையாகப் போட்டிருக்கிறீர்களே, கடைசி இரண்டையும் நீங்கள் தொட்டதே இல்லை என்றால் இன்றே எடுத்துவிடுங்கள். அந்த மூன்று பட்டனை மிக்சினில் ஒரு முறை, பிளேஸ்ஹோல்டரில் ஒரு முறை எழுதி, கம்பைல் ஆகி வந்த இரண்டு கோப்பையும் எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு ரெஸ்யூமேயைத் திருத்துவோம்.