கிழக்கா, மேற்கா? எஸ்.இ.சி. கால்பந்து: கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் அமெரிக்க வகை) எஸ்.இ.சி. எனப்படும் தென்கிழக்குக் கூட்டமைப்பு, 1992 முதல் 2023 வரை கிழக்கு, மேற்கு என இரு பிரிவுகளாக இயங்கியது. இரண்டில் எது வலியது என்பது பற்றி வந்த கேள்விகளுக்கான விடைகள் இவை.

கேள்வி: மொத்தக் கணக்கில் எந்தப் பிரிவு முன்னிலையில் இருந்தது?

இரு பிரிவுகளின் முதலிடங்கள் மோதிய 32 இறுதி ஆட்டங்களில் மேற்கு 19, கிழக்கு 13 வென்றன. தேசியப் பட்டங்களில் மேற்குக்கு 11, கிழக்குக்கு 6. ஆனால் இந்தக் கூட்டுத்தொகை இரண்டு வெவ்வேறு காலங்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. முதல் ஒன்பது ஆண்டுகளில் ஏழு முறை வென்றது கிழக்குதான்: பயிற்சியாளர் ஸ்டீவ் ஸ்பரியரின் ஃப்ளோரிடா 1993 முதல் 1996 வரை தொடர்ந்து நான்கு முறை வென்றது, அடுத்த இரண்டு ஆண்டுகளும் டென்னசிக்குப் போயின. பிறகு காற்று திசை மாறியது. 2009 முதல் 2016 வரை எட்டு ஆண்டுகளும் மேற்குதான் வென்றது. அந்த எட்டில் ஐந்து பயிற்சியாளர் நிக் சேபனின் அலபாமாவுக்கு என்றாலும், ஆபர்ன் இரண்டும் எல்.எஸ்.யு. (லூசியானா ஸ்டேட்) ஒன்றும் வென்றன. ஒரு பிரிவு உண்மையிலேயே வலிமையானதா, ஒரே அணியின் நிழலில் நிற்கிறதா என்று பார்க்க, மொத்த எண்ணிக்கையைவிட இந்தப் பங்கீடே எனக்கு நம்பகமான சான்றாகப் படுகிறது.

ஓர் எச்சரிக்கை: ஒரே ஆட்டத்தைக் கொண்டு ஒரு பிரிவை எடை போடாதீர்கள். 2012 இறுதி ஆட்டத்தின் கடைசி விநாடிகளில், 32-28 எனப் பின்தங்கியிருந்த கிழக்கின் ஜார்ஜியா இலக்குக் கோட்டுக்கு எட்டு கஜம் முன்னால் நின்றது. எறிந்த பந்து அலபாமா வீரரின் கையில் பட்டுத் திசைமாறியது. அதை ஜார்ஜியாவின் வேறொருவர் பிடித்து ஐந்தாவது கஜத்தில் விழ, நேரம் தீர்ந்தது. வென்ற அலபாமா தேசியப் பட்டத்தையும் 42-14 என எளிதாக வென்றது. அந்த ஐந்து கஜத்தை இரு பிரிவுகளுக்கும் இடையிலான தூரமாக எப்படிக் கொள்வது?

கேள்வி: இரு பிரிவு அணிகளும் நேரடியாக மோதிய ஆட்டங்களைக் கூட்டிப் பார்த்தால் போதாதா?

உதவும், ஆனால் போதாது. 2012 முதல் வழக்கமான ஆண்டில் ஓர் அணிக்கு எட்டுக் கூட்டமைப்பு ஆட்டங்கள். அவற்றில் ஆறு சொந்தப் பிரிவுக்குள்ளேயே. எஞ்சிய இரண்டில் ஒன்று ஆண்டுதோறும் மாறாத எதிரணியுடன். அலபாமாவுக்கு டென்னசி, ஆபர்னுக்கு ஜார்ஜியா என்பது போல. 2012இல் மேற்கில் சேர்ந்த டெக்சஸ் ஏ அண்ட் எம், கிழக்கின் ஜார்ஜியாவை எஸ்.இ.சி. ஆட்டத்தில் முதன்முறையாகச் சந்தித்ததே 2019இல்தான்.

கேள்வி: மிசூரி ஏன் கிழக்கில் இருந்தது?

மிசூரி இருப்பது மேற்குப் பக்கத்தில்; நிலவரைபடத்தைப் பார்த்துப் பிரித்திருந்தால் கிழக்கில் இருந்திருக்காது. மேற்கில் ஆடிய ஆபர்ன், கிழக்கில் ஆடிய வாண்டர்பில்ட்டுக்கும் கிழக்கே இருக்கிறது.

கேள்வி: 2014 பருவ முடிவில் பிற கூட்டமைப்பு அணிகளுடன் ஆடிய பௌல் எனும் சிறப்பு ஆட்டங்களில் கிழக்கு ஐந்தையும் வென்றது, மேற்கு ஏழில் ஐந்தைத் தோற்றது. மேற்கின் பெருமை வெறும் ஊதிப் பெருக்கல் என்பதற்கு இது போதாதா?

போதாது. மேற்கின் ஏழு அணிகளுமே பௌல் ஆட்டத்துக்குத் தகுதி பெற்றன என்பதையும், அலபாமாவை 42-35 என வென்ற ஒகையோ ஸ்டேட்தான் தேசியப் பட்டத்தை வென்றது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கிழக்கின் ஃப்ளோரிடா வென்றது சிறிய அணியான ஈஸ்ட் கரோலைனாவை.

அதே வாசகர்: தோற்றால் எதிரணி பெரியது, வென்றால் எதிரணி சிறியது. இது சாக்கு அல்லவா?

மேற்கின் ஒல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்), டி.சி.யு.விடம் (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) 42-3 எனத் தோற்றதற்கு என்னிடம் சாக்கு இல்லை. உங்கள் பக்கத்தில் ஒரு வலுவான வாதம் உண்டு, ஆனால் நீங்கள் அதைச் சொல்லவில்லை: அந்த இலையுதிர்காலத்தில், தேசியப் பட்டத்துக்கு மோதும் நான்கு அணிகளைத் தேர்ந்தெடுத்த பிளேஆஃப் குழுவின் முதல் தரவரிசையில் முதல் நான்கு இடங்களில் மூன்று மேற்கு அணிகளுக்கே போயின. அவை தங்களுக்குள் மோதியபோது, வென்றவர் பெரியவரை வென்றார் எனவும், தோற்றவர் பெரியவரிடம் தோற்றார் எனவும் கணக்கிடப்பட்டது. யார் தோற்றாலும் பிரிவின் மதிப்பு இறங்கவில்லை. வெளியாரோடு மோதும்வரை இந்த வட்டம் உடைவதில்லை. ஆகவே அந்த ஆண்டு மேற்கு அளவுக்கு மீறி மதிக்கப்பட்டது என்றால் ஒப்புக்கொள்கிறேன். கிழக்கு அதைவிட வலியது என்றால், கிழக்கின் முதலிடமான மிசூரி அலபாமாவிடம் 42-13 எனத் தோற்றதை நீங்கள்தான் விளக்க வேண்டும்.

அதே வாசகர்: அது ஒரே ஆட்டம்தானே?

என் எச்சரிக்கையை எனக்கே திருப்பிவிட்டீர்கள். சரி, அதைத் தனிச்சான்றாகக் கொள்ளவில்லை.

கேள்வி: ஒரே வரியில் சொல்லுங்கள், எது வலிமையான பிரிவு?

முதல் விடையைப் படியுங்கள்.

கேள்வி: எந்தப் பிரிவு வீரர்கள் என்.எஃப்.எல்.லில் அதிகம் சாதித்தார்கள்?

என் துறை கல்லூரி ஆட்டத்தோடு முடிகிறது. தொழில்முறை ஆட்டம் அறிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: கிழக்கா மேற்கா, எது பெரியது?

மேலே பார்க்க. மூன்றாவது முறையாக இதற்கு விடை எழுத மாட்டேன்.

கேள்வி: 2024க்குப் பிறகு எப்படி ஒப்பிடுவது?

ஒப்பிட முடியாது. டெக்சஸும் ஒக்லஹோமாவும் சேர்ந்து அணிகள் 16 ஆனபோது பிரிவுகளே நீக்கப்பட்டன. கூட்டமைப்பில் முதல் இரண்டு இடம்பெறும் அணிகள் இறுதியில் மோதுகின்றன. 2024 இறுதியில் ஜார்ஜியா கூடுதல் நேரத்தில் டெக்சஸை 22-19 என வென்றது. அதையும் கிழக்கின் கணக்கில் எழுதிக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார், கூடாது.