கொஞ்சம் இன்ஜின் வேலை உள்ள பழைய காரை 75,000 ரூபாய்க்கு வாங்கலாமா?

கேள்வி: தருமபுரியில் குடியிருக்கிறேன். கிருஷ்ணகிரியில் வேலை, தினமும் போய் வர வேண்டும். ஓசூரில் 2012 மாடல் டீசல் கார் ஒன்று 75,000 ரூபாய்க்கு வருகிறது. கர்நாடகப் பதிவெண். "கொஞ்சம் இன்ஜின் வேலை இருக்கிறது, மற்றபடி வண்டி சுத்தம்" என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்:

அவர் சொல்கிற நிலையில், சொல்கிற விலைக்கு வேண்டாம். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைத் திறந்து காட்டச் சம்மதித்தால் மறுபடி பேசலாம். இதை நான் புத்தகம் படித்துச் சொல்லவில்லை. 63,000 ரூபாய் கட்டிப் படித்தது.

2019இல் காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி வைத்திருந்த ஒருவரிடம் டீசல் கார் ஒன்றை வாங்கினேன். 95,000 கேட்டார், 82,000க்கு முடிந்தது. அதே மாடல், அதே வருடம், நன்றாக ஓடுகிற வண்டி அப்போது ஒன்றரை லட்சத்துக்குக் கிடைத்தது. வெறும் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு) வேலைதான், பதினைந்தாயிரத்தில் முடிந்துவிடும் என்றார் மண்டிக்காரர். மனக்கணக்குப் போட்டேன்: ஐம்பதாயிரத்துக்கு மேல் மிச்சம். வீட்டில் யாரிடமும் கேட்காமல் முன்பணம் கொடுத்துவிட்டேன். டிக்கியைத் திறந்தால் பழுத்த மாம்பழ வாசனை. அந்த வாசனை மட்டும் கடைசிவரை போகவே இல்லை.

தெரிந்த ஷெட்டில் விட்டேன். ஹெட்டை இறக்கி, புது கேஸ்கெட் வைத்து, இரண்டே நாளில் 9,000 ரூபாய்க்கு வேலையை முடித்துக் கொடுத்தார்கள். சொன்னதைவிடக் குறைவாகவே முடிந்துவிட்டதே என்று எனக்கு ஒரே பெருமை. மூன்றாவது வாரம் சேலத்தில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டுத் திரும்பினோம். போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கம், இன்ஜினுக்கு வேலையே இல்லை. வரும்போது ஏற்றம். முன்னால் சரக்கு லாரிகள் நத்தைபோல் ஊர, நான் இரண்டாவது கியரில், ஏசி போட்டபடி பின்னாலேயே ஏறினேன். பாதி ஏற்றத்தில் வெப்ப முள் சிவப்பைத் தொட்டது. போனட் இடுக்கிலிருந்து ஆவி. பின் இருக்கையில் மாமனார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இங்கிருந்து தருமபுரிக்கு பஸ் நிற்குமா என்று மட்டும் கேட்டார்.

அடுத்து வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். ஹெட்டை மறுபடி இறக்கி, மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, பலகைமேல் கவிழ்த்து வைத்தார். இரும்பு ஸ்கேல் ஒன்றை அதன்மேல் குறுக்காக நிறுத்தி, பின்னாலிருந்து டார்ச் அடித்தார். "குனிந்து பாருங்கள், சார்" என்றார். ஸ்கேலுக்கும் ஹெட்டுக்கும் நடுவில், இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர் இருக்கும் இடத்தில், தலைமயிர் கனத்துக்கு ஒரு வெளிச்சக் கோடு. "இது ஏற்கெனவே ஒருமுறை வெந்த ஹெட். வளைந்த தட்டின்மேல் புதுத் துணி விரித்தால் தட்டு நேராகிவிடுமா?"

அலுமினிய ஹெட் அப்படித்தான். ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடானால் வளைந்துவிடும். லேத்தில் கொடுத்து முகத்தைச் சீவி நேராக்காமல் எத்தனை கேஸ்கெட் மாற்றினாலும் நிற்காது. அது ஏன் வெந்தது என்பதையும் பாய்தான் காட்டினார். இன்ஜினில் ஓடும் தண்ணீரைக் குளிரவைக்கும் ரேடியேட்டரை அறுத்தார்; உள்ளே குழாய்களில் பாதி வெள்ளையாக அடைத்துக் கிடந்தன. வருடக்கணக்காகக் கூலண்டுக்குப் பதில் போர் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார்கள். நம் மாவட்டத்து நிலத்தடி நீரின் லட்சணம் உங்களுக்குத் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே ஃப்ளூரைடு தொல்லையால்தான். ஃப்ளூரைடு நம் பல்லையும் எலும்பையும் கெடுக்கிறது. அதே நீரில் உள்ள சுண்ணாம்பு உப்பு ரேடியேட்டரை அடைக்கிறது. டீ கெட்டிலின் அடியில் படிகிற அதே வெள்ளைதான். முதல் ஷெட்டில் கேஸ்கெட்டை மாற்றினார்களே தவிர, அது போனதற்கான காரணத்தை அப்படியே உள்ளே விட்டுவிட்டார்கள்.

அதன்பின் செலவு ஓடியதைக் கேளுங்கள். ஹெட்டைச் சேலத்து லேத்துக்கு அனுப்பிச் சீவியது, வால்வு வேலை உட்பட 6,500. கேஸ்கெட் செட்டும் புது ஹெட் போல்ட்டுகளும் 5,800. ரேடியேட்டர் 5,200. வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ் எல்லாம் 4,900. சூட்டில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் தளர்ந்து ஆயிலைக் குடிக்கத் தொடங்கியிருந்ததால் ரிங், பேரிங் 14,000. ஆயில், ஃபில்டர், கூலண்ட் 4,600. கூலி 13,000. ஆக 54,000, முதலில் தண்டமாய்ப் போன 9,000 தனி. வண்டி ஷெட்டில் கிடந்தது 47 நாள். மொத்தத்தில் 1,45,000 ரூபாய்க்கு ஒரு கார். ஐம்பதாயிரம் மிச்சம் பிடிக்கக் கிளம்பியவன் ஐந்தாயிரம் மிச்சம் பிடித்தேன். அந்த 47 நாளின் பஸ், ஆட்டோ செலவை இதில் சேர்க்கவில்லை. சேர்க்க மனமும் இல்லை.

அதனால்தான் 'கொஞ்சம் இன்ஜின் வேலை' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. சென்சார் மாற்றுவதும் இன்ஜின் வேலை, இன்ஜினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து பிஸ்டன் மாற்றுவதும் இன்ஜின் வேலை. முன்னது மூவாயிரத்தில் முடியும், பின்னது உங்கள் காரின் விலையை எட்டிப் பிடிக்கும். விற்பவர் பொய் சொல்கிறார் என்றுகூடச் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் அவருக்கே தெரியாது. திறக்காத இன்ஜினுக்கு யாராலும் விலை சொல்ல முடியாது, பாயாலும் முடியாது.

என் சக ஊழியர் ஒருவர், பாலக்கோட்டுக்காரர், என்னைவிடப் புத்திசாலி. சின்ன பெட்ரோல் கார் ஒன்று, புகை தள்ளுகிறது, 40,000 என்றார்கள். அவர் நேராக ஒரு பேச்சுப் பேசினார்: "என் மெக்கானிக் உங்கள் வாசலிலேயே ஹெட்டைத் திறந்து பார்ப்பார். வாங்கினால் அந்தச் செலவைப் பேசிய விலையில் கழித்துக்கொள்கிறேன். வாங்காவிட்டால் கேஸ்கெட்டும் கூலியும் என் செலவு, மூட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறேன்." விற்பவர் ஒருநாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். திறந்தார்கள், சிலிண்டர் சுவரில் கீறல் இல்லை, ரிங் மட்டும்தான். 22,000 ரூபாயில் வேலை முடிந்தது, இன்றும் ஓடுகிறது. டீசல் காரில் இப்படித் திறந்து பார்க்கும் செலவு கூடும், ஆனாலும் வாங்காமல் அந்தப் பணம் போனாலும் பரவாயில்லை. நான் தொலைத்ததில் அது ஒரு மூலைக்குக் காணாது. விற்பவர் திறக்க மாட்டேன் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

திறப்பதற்கு முன் நீங்களே பார்க்கக்கூடியவை சில உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் விடியற்காலையில் போய் நில்லுங்கள். முதலில் போனட்டின்மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று பொருள்; இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜினில் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும், விளையாட்டில்லை. உள்ளே பச்சையாகவோ சிவப்பாகவோ கூலண்ட் இருக்க வேண்டும். செந்நிறத் துருத் தண்ணீரும் வாயோரம் வெள்ளைப் படிவமும் இருந்தால் என் கதை உங்களுக்கும் காத்திருக்கிறது. மூடி திறந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தால் கேஸ்கெட் போய்விட்டது. ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் மோர்க்குழம்பு நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த மூடியை ஓடுகிற இன்ஜின்மேல் தளர்வாகக் கவிழ்த்து வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை, இட்லிப் பானை மூடிபோல் குதித்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. புகையின் நிறத்தை எல்லோரும் சொல்வார்கள்: நீலம் ஆயில், ஓயாத வெள்ளை தண்ணீர், கறுப்பு டீசல் சரியாக எரியவில்லை.

ஓட்டிப் பார்க்க ஓசூர் ஊருக்குள் சுற்றாதீர்கள். கிருஷ்ணகிரி வரை இறங்கிவிட்டு, ஏசி போட்டபடி சூளகிரி வழியாக ஓசூருக்கு மறுபடி ஏறுங்கள். ஓசூர் மேட்டு நிலம். இறங்கும்போது எல்லாக் காரும் நல்ல கார்தான்.

என்ன இன்ஜின் என்பதும் முக்கியம். 1.3 லிட்டர் ஃபியட் டீசல் இன்ஜின் ஸ்விஃப்டிலும் வந்தது, இண்டிகா விஸ்டாவிலும் வந்தது, புன்டோவிலும் வந்தது. அதனால் உதிரிபாகமும் கைப்பழக்கமுள்ள மெக்கானிக்கும் சின்ன ஊரிலும் கிடைக்கும். இந்தியாவில் கடையை மூடிவிட்ட கம்பெனியின் வண்டி என்றால் ஒரு சென்சாருக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். தினமும் வேலைக்குப் போகிறவருக்கு அது ஆகாது. பழைய இன்ஜின் ஒன்றைச் சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் வாங்கி மாட்டிவிடலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். மாட்டலாம், ஆனால் இன்ஜின் எண் மாறினால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதிய வேண்டும். அந்த இன்ஜினுக்குச் சரியான பில் இல்லாவிட்டால் நீங்கள் யாருடைய திருட்டு வண்டியின் இதயத்தை வைத்து ஓட்டுகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது.

உண்மையில் உங்கள் கேள்வியில் எனக்கு இன்ஜினைவிட அதிகம் உறுத்துவது அந்தக் கர்நாடகப் பதிவெண். எல்லைக்கு இந்தப் பக்கம் அந்த வண்டிகள் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இங்கேயே வைத்து ஓட்டப்போகிறீர்கள். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்கு அங்கிருந்து தடையில்லாச் சான்று வேண்டும், இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும். வண்டிமேல் இருந்த கடன் முடிந்திருந்தால் வங்கியின் சான்றும், ஆர்.சி.யிலிருந்து கடனை நீக்குவதற்கான படிவம் 35ம் இருக்கிறதா? பெங்களூரு போக்குவரத்து அபராதம் ஏதாவது நிலுவையில் நிற்கிறதா? ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் உங்களிடம் பேசுகிறாரா, இல்லை நடுவில் யாராவதா? போதாக்குறைக்கு 2012 வண்டிக்கு 2027இல் 15 ஆண்டு முடிகிறது. பதிவைப் புதுப்பிக்கக் கட்டணம் மட்டும் 5,000 ரூபாய், தகுதிச் சோதனையும் பசுமை வரியும் மேலே. இன்ஜின் கெட்டால் பணத்தைப் போட்டுச் சரிசெய்யலாம். பதிவு உரிமையாளர் கையெழுத்துப் போட வராமல் ஊரைவிட்டுப் போய்விட்டால் பாயும் ஒன்றும் செய்ய முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த வண்டிமேல் ஆசை இருந்தால், கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். அதே மாடல் ஓடுகிற நிலையில் தமிழ்நாட்டுப் பதிவெண்ணோடு என்ன விலை என்று நாலு இடத்தில் கேளுங்கள். அதில் முழு இன்ஜின் வேலைக்கான தொகையைக் கழியுங்கள், அவர் சொல்கிற 'கொஞ்சம்' வேலைக்கானதை அல்ல. வரி, மறுபதிவுச் செலவைக் கழியுங்கள். இரண்டு மாத பஸ் செலவையும் கழியுங்கள். மிச்சம் வருவதுதான் நீங்கள் கேட்க வேண்டிய விலை. அது 30,000 என்று வந்தாலும் வாய் கூசாமல் கேளுங்கள். அதுவரை தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. என் மாமனார் இன்றும் அதில்தான் வருகிறார், நான் காரில் அழைத்துவருகிறேன் என்றாலும்.