பிறையில் தயாரான 10 அடி உபகரண கேபினை லோரியில் ஏற்றி பாலிக் புலாவில் பத்திரமாக இறக்குவது எப்படி?

ரேக், பேட்டரி, ஏர்கோன் எல்லாம் பொருத்திய கேபின் பிறையில் நிற்கிறது, பினாங்குத் தீவில் பாலிக் புலாவ் நிலத்தில் சிமெண்டுத் திட்டும் போட்டாயிற்று, இனி ஒரு கிரேன் லோரி பிடித்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதும். ஆனால் லோரிக்காரருக்குப் போன் போடும் முன் டேப்பை எடுத்துக்கொண்டு ஒரு தடவை நிலத்துக்குப் போய் வாருங்கள்.

நான் பட்டர்வொர்த் பக்கம் 12 வருடம் கிரேன் லோரி ஓட்டியவன். பாலத்தில் ஏதாவது ஆகிவிடுமோ, மலை வளைவில் சாய்ந்துவிடுமோ என்றுதான் சாமானுக்குச் சொந்தக்காரர்கள் பயப்படுவார்கள். எனக்கு வந்த கண்டமெல்லாம் லோரி நின்று, இஞ்சின் ஓய்ந்த பிறகு வந்தவை.

ஒன்றைச் சொல்கிறேன். தெலுக் கும்பார் தாண்டி ஒரு கம்பத்து (கிராமத்து) ரோடு. இரண்டு நாள் பெய்த மழை விட்டிருந்தது. கிரேனின் தாங்கு காலை நீட்டி இறக்கினேன், கீழே புல்தான் தெரிந்தது. கெலிண்டான் (லோரி உதவியாள்) தம்பி, "அண்ணே, பலகை வைக்கட்டுமா?" என்று கேட்டான். "தரை கெட்டியாத்தான் இருக்கு, விடுடா" என்றேன். கேபினை லோரித் தட்டிலிருந்து ஒரு சாண் தூக்கி நிறுத்தினேன். முறுக்கை ஒடிப்பது போல ஒரு சத்தம். புல்லுக்கு அடியில் பழைய லோங்காங் (சாக்கடை) மூடி இருந்திருக்கிறது. கால் நாலு விரற்கடை இறங்கியது, அதற்கே கேபின் என் பக்கம் ஆட ஆரம்பித்தது. ஒரு சாண் உயரம்தான் என்பதால் அப்படியே தட்டில் இறக்கிவிட்டேன். கேபினை லோரிக்கு வெளியே சுழற்றிய பிறகு மூடி உடைந்திருந்தால் லோரியே கவிழ்ந்திருக்கும். அன்றைக்கு அவனிடம் நான் ஒன்றும் பேசவில்லை, தேத்தண்ணி மட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

அதனால் நிலத்துக்குப் போகும்போது லோரி நிற்கப்போகும் இடத்தைக் கம்பியால் குத்திப் பாருங்கள். லோங்காங், செப்டிக் தொட்டி, புதிதாகக் கொட்டிய செம்மண் மூன்றும் ஆகாது. கிரேன் கால் ஒவ்வொன்றுக்கும் இரண்டடிக்கு இரண்டடி தடித்த பலகை வேண்டும். கால்களை இரண்டு பக்கமும் முழுசாக நீட்ட இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது தூரம். "5 டன் கிரேன்" என்பார்கள். அது கை மடங்கி, சாமான் பக்கத்திலேயே இருக்கும்போது. கை நீள நீளத் தூக்கும் சக்தி குறையும். முழுக்க நீட்டினால் 1 டன்கூடத் தாங்காத கிரேன்கள் உண்டு. லோரியின் முன்பக்கமாகத் தூக்கினால் இன்னும் குறையும். கிரேன் நிற்கும் இடத்துக்கும் திட்டின் நடுவுக்கும் எத்தனை மீட்டர் என்று அளந்து, கேபினின் எடையோடு சேர்த்து ஒப்பரேட்டரிடம் சொல்லுங்கள். அவர் கிரேனில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்க்காமலே "போலே, போலே" (முடியும், முடியும்) என்றால் வேறு ஆள் பாருங்கள். கிரேனுக்கு ஜேகேகேபி (வேலையிடப் பாதுகாப்பு இலாகா) சான்று நடப்பில் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எடை என்றால் உள்ளே இருப்பதையும் சேர்த்த எடை. 100 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரி ஒன்றே சுமார் 30 கிலோ. எட்டு பேட்டரி ஒரு மூலையில் இருந்தால் 240 கிலோ அந்தப் பக்கம் இழுக்கும், தூக்கும்போது கேபின் தலை குனியும். முடிந்தால் கழற்றித் தனியாகக் கொண்டு போங்கள். டீசல் தொட்டி இருந்தால் காலி செய்யுங்கள், உள்ளே அலையடிக்கும்.

கேபினைக் கொக்கியில் மாட்டும் சிலிங் கயிறு குட்டையாக இருந்தால் ஆபத்து. 3 டன் கேபினை நாலு கயிற்றில் தூக்கினாலும் பாரம் இரண்டு கயிற்றில்தான் விழும் என்று வைத்துக் கணக்குப் போட வேண்டும். கயிறு கிடைமட்டத்திலிருந்து 60 பாகை சாய்ந்தால் ஒவ்வொன்றிலும் 1.7 டன், 30 பாகை என்றால் 3 டன். குட்டையான கயிறு பாரத்தை ஏற்றுவதோடு சுவரையும் உள்பக்கமாக நசுக்கும். உங்கள் கேபின் நுரை வைத்த பேனல் என்றால் கயிறுகளை அகட்டிப் பிடிக்கும் விரிப்புச் சட்டம் இல்லாமல் தூக்க விடாதீர்கள்.

லோரித் தட்டில் கட்டுவதிலும் அதே கதை. பெல்ட்டைக் கூரைக்கு மேலே போட்டு முறுக்கினால் பேனல் விளிம்பு அமுங்கிவிடும், அடிச் சட்டத்தில்தான் கட்ட வேண்டும். திடீர் பிரேக்குக்கு எடையில் 80 சதவீதம், பக்கவாட்டில் 50 சதவீதம் தாங்குகிற மாதிரி கட்டுவது உலக வழக்கம். 3 டன்னுக்கு முன்பக்கம் 2.4 டன். அடியில் ரப்பர் விரிப்பு போட்டால் பாதிக் கவலை போச்சு. பாலத்துக்கு முன்னால் ஒருமுறை நிறுத்தி பெல்ட்டை இறுக்கச் சொல்லுங்கள். முதல் சில கிலோமீட்டரில் அது கட்டாயம் தளரும்.

வழி உங்கள் இஷ்டம். நான் பத்து காவானிலிருந்து பத்து மாவுங் போகும் 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலத்தில் போய் தெலுக் கும்பார் வழியாக ஏறுவேன், துன் சார்டோன் மலை ரோட்டு வளைவுகளில் உயரமான சாமானோடு போக எனக்குப் பிடிக்காது. கடைசி அரை கிலோமீட்டர்தான் தொல்லை. லோரித் தட்டோடு சேர்த்து கேபின் 3.7 மீட்டருக்கு வந்துவிடும், டுரியான் கிளையும் டெலிபோன் கம்பியும் அதைவிடத் தாழ்வாகத் தொங்கும். 4 மீட்டரில் ஒரு பிளாஸ்டிக் குழாய் வெட்டி, நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அந்தச் சந்தில் நடந்து பாருங்கள். மின்கம்பி தாழ்ந்திருந்தாலோ, கிரேன் கை சுழலும் பக்கம் இருந்தாலோ குழாயோடு கிட்டே போகாதீர்கள். மின்சாரக் கம்பெனியான டிஎன்பியிடம் சொல்லாமல் அங்கே வேலையும் தொடங்க வேண்டாம்.

முக்கியமான ஒன்றை மறந்தேனே. கதவு! நிலத்தில் கதவு எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அதற்கேற்ற மாதிரி பிறையிலேயே ஏற்றுங்கள். லோரி பின்னால் போகுமா, முன்னால் போகுமா என்பதையும் சேர்த்துத்தான். சந்துக்குள் 3 டன்னை அந்தரத்தில் வைத்துத் திருப்புவது கூத்து.

இறக்கும்போது இரண்டு மூலையில் கயிறு கட்டி இருவர் தள்ளி நின்று பிடிக்கட்டும், சைகை ஒருவரே காட்டட்டும். திட்டில் உட்கார்ந்ததும் சிலிங்கைக் கழற்றாமல் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். உரசினால் திட்டு மட்டமில்லை. கிரேன் இருக்கும்போதே இரும்புத் தகடு சொருகிச் சரிசெய்யுங்கள், திரும்பக் கூப்பிட்டால் அதற்குத் தனிக் காசு கேட்பார்கள். நானாக இருந்தாலும் கேட்பேன்.