கள் வேண்டாம், கடல் கடந்து வேறென்ன குடிக்கலாம்?

விடுமுறைக்கு வெளிநாடு கிளம்பும் நெல்லைச் சீமை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில. பெரும்பாலோர் கேட்டது ஒன்றுதான்: மது இல்லாத உள்ளூர்ப் பானம் எது, அதை எப்படி நம்புவது?

கம்போடியாவுக்கு அங்கோர் வாட் பார்க்கப் போகிறோம். அங்கும் பதநீர் உண்டாமே? (திசையன்விளை)

உண்டு. அதே பனைதான், அந்நாட்டின் தேசிய மரமும் அதுவே. சியாம் ரீப் நகரிலிருந்து பந்தே ஸ்ரே கோயிலுக்குப் போகும் சாலையில் பிரே டாக் என்ற ஊர் வரும். சாலையோரத்திலேயே அகன்ற சட்டியில் சாற்றைக் காய்ச்சி வெல்லம் எடுக்கிறார்கள். காய்ச்சாத சாறு மூங்கில் குழாயில் கிடைக்கும்.

நம்பலாமா என்பதற்கு விடை உங்கள் ஊர்ப் பனங்காட்டிலேயே இருக்கிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் பதநீர். தடவாமல் விட்டால் கள். கம்போடியாவில் சுண்ணாம்புக்குப் பதிலாக மரத்துண்டுகளைப் போடும் வழக்கம் உண்டு. அது புளிப்பைத் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது. ஆகவே காலையிலேயே குடித்துவிடுங்கள். உச்சிப்பொழுது தாண்டிவிட்டால் முதலில் குழாயை முகர்ந்து பாருங்கள். நுரை கட்டி, மூக்கில் ஏறும் வாடை அடித்தால் பேசாமல் அடுத்த கடையில் கரும்புச்சாறு வாங்கிக்கொள்ளுங்கள். சுவையைக் கேட்டால், என் ஓட்டு நம்மூருக்குத்தான். ஓலைப்பட்டையில் நுங்கைப் போட்டுக் குடித்துப் பழகிய நாக்கு வேறெப்படிச் சொல்லும்!

எனக்குச் சர்க்கரை நோய். மலேசியாவில் மகள் வீட்டுக்குப் போகிறேன். தே தாரிக் குடிக்கலாமா? (சங்கரன்கோவில்)

வேண்டாம். ஆற்றி ஆற்றித் தருவது பார்க்க அழகாக இருக்கும்; உள்ளே இருப்பது கெட்டியான இனிப்புப் பால். கடையில் "தே ஓ கோசோங்" என்று கேளுங்கள், பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர் வரும். ரோஜா நிறத்தில் கண்ணைப் பறிக்கும் சிராப் பண்டோங் பக்கமே போகாதீர்கள். பேரப்பிள்ளைகள் குடிக்கட்டும்.

பெற்றோரோடு இஸ்தான்புல் போகிறோம். ஒரு சொட்டு மதுவும் கூடாது. எதையெல்லாம் தவிர்க்க வேண்டும்? (மேலப்பாளையம்)

தயிர், தண்ணீர், உப்பு சேர்த்துக் கடைந்த அய்ரானைக் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கலாம். இஞ்சி, பெருங்காயம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். மோர் என்று நினைத்தால் ஏமாற்றம், தனிப் பானம் என்று நினைத்தால் அருமை. தெற்குத் துருக்கியின் அதானா பக்கத்து ஷல்கம், கருஞ்சிவப்புக் கேரட்டை உப்புநீரில் புளிக்கவைத்த சாறு. ஊறுகாய்ப் பிரியர்கள் விடமாட்டார்கள், மற்றவர்கள் முதல் மடக்கிலேயே முகம் சுளிப்பார்கள்.

புளிக்கவைத்தது என்பதால் ஷல்கத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆனால் முக்கியமாக விசாரிக்க வேண்டியது போசாவைத்தான். தானியத்தைக் கூழாக்கிப் புளிக்கவைத்தது. மேலே இலவங்கப்பட்டைத் தூள், பொரிகடலை தூவி, கரண்டியால் எடுத்துச் சாப்பிடும் பதத்தில் தருவார்கள். இஸ்தான்புல்லின் வெஃபா பகுதியில் 1876 முதல் இதற்கென்றே ஒரு கடை நடக்கிறது. துருக்கியில் அது மதுவாக எண்ணப்படுவதில்லை. ஆனாலும் புளிப்பில் மிகச் சிறிதளவு ஆல்கஹால் உருவாகத்தான் செய்யும். ஒரு சொட்டும் கூடாது என்பது உங்கள் நிபந்தனை என்றால் விட்டுவிடுங்கள். குளிர்காலமாக இருந்தால் சூடான பால் பானமான சாலெப் இருக்கிறதே.

பால் எனக்கு ஒத்துக்கொள்ளாது. ஸ்பெயினில் வெண்மையாக ஏதோ விற்பார்களாமே? (அம்பாசமுத்திரம்)

ஓர்ச்சாதா. பார்க்கத்தான் பால், உண்மையில் அது ஒரு வகைக் கோரைக்கிழங்கை ஊறவைத்து அரைத்து, பிழிந்து, சர்க்கரை சேர்த்தது. உங்களுக்குப் பக்கத்திலிருக்கும் பத்தமடையில் பாய் நெய்கிறார்களே, அந்தக் கோரைக்கு உறவுமுறைச் செடி. வலென்சியாவை ஒட்டிய அல்போராயா ஊர்தான் இதற்குப் பெயர்பெற்றது. ஃபார்த்தோன் என்ற நீள பன்னை அதில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். பன்னில் பால் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மெக்சிகோவிலும் இதே பெயரில் ஒன்று உண்டு. அது அரிசியில் செய்வது, சில இடங்களில் பாலும் சேர்ப்பார்கள்.

கப்பலில் வேலை. அடுத்த பயணத்தில் பெருவின் கயாவ் துறைமுகம். அங்கே சீச்சா குடிக்கலாமா, கோக்கா தேநீர் குடிக்கலாமா? (உவரி)

சீச்சாவில் இரண்டு உண்டு, மாற்றி வாங்கிவிடாதீர்கள். சீச்சா மொராதா என்பது ஊதா மக்காச்சோளத்தை அன்னாசித் தோல், பட்டை, கிராம்போடு கொதிக்கவைத்து ஆறவிட்டது. புளிக்கவைப்பதில்லை, குளிரக் குளிரக் குடிக்கலாம். சீச்சா தே ஹோரா முளைகட்டிய மக்காச்சோளத்தில் செய்த மது.

கோக்கா தேநீர் பெருவில் சட்டப்படியே விற்கிறது. மலையேறும் பயணிகள் மூச்சுத்திணறலுக்காகக் குடிப்பார்கள். உங்களுக்கு மட்டும் ஒரு கோப்பைகூட வேண்டாம் என்பேன். கப்பல் நிறுவனங்கள் சிறுநீர்ப் பரிசோதனை செய்யும். அந்த ஒரு கோப்பையே கொக்கைன் எடுத்ததாகக் காட்டிவிடக்கூடும். விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதற்குள் வேலை போய்விடும். வீட்டாருக்குக் காட்டலாம் என்று இரண்டு பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொள்வதும் ஆபத்து. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கோக்கா இலையும் வருகிறது.