645 அர்த்தமும் ஒரு மனப்பாடமும்

கேள்வி: 'ரன்' என்கிற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு 645 அர்த்தங்கள் என்று படித்தேன். வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். இப்படிப் பல அர்த்தம் உள்ள சொற்களையும், ஒரே அர்த்தம் தரும் பல சொற்களையும் மனப்பாடம் செய்ய எளிய வழி உண்டா?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: 645 என்ற கணக்கு சரிதான். அதுவும் வினைச்சொல்லாக வரும் 'ரன்'னுக்கு மட்டும். கிரிக்கெட்டில் எடுக்கிற ரன், பணம் போட்டவர்கள் பயந்துபோய் ஒரே நேரத்தில் வங்கி வாசலில் குவிகிற ரன், கோழிகளை அடைத்து உலவ விடுகிற ரன் எல்லாம் பெயர்ச்சொல் கணக்கில் தனி. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் மூன்றாம் பதிப்புக்காக பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் இந்த ஒரு வினையோடு ஒன்பது மாதம் உட்கார்ந்திருந்தார். அதற்கு முன் முதலிடம் 'செட்' என்ற சொல்லுக்கு. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதற்கு 430 அர்த்தம்.

ஆனால் உங்கள் கேள்வியில் 'மனப்பாடம்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. இந்த 645-ஐயும் மனப்பாடம் செய்துவிட்டு ஆங்கிலம் பேசத் தொடங்கிய ஆங்கிலேயர் ஒருவரும் கிடையாது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1879-இல் ஜேம்ஸ் மர்ரே இந்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றதும், புத்தகம் படிக்கிற பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். படிக்கும்போது கண்ணில் படும் சொல்லை, அது வருகிற வாக்கியத்தோடு ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். புத்தகத்தின் பெயரும் ஆண்டும் போட்டு அனுப்புங்கள். சீட்டுகள் மூட்டை மூட்டையாக வந்தன. மர்ரே தன் வீட்டுத் தோட்டத்தில் ஒரு இரும்புத் தகரக் கொட்டகை போட்டு, உள்ளே மாடம் மாடமாக அடித்து, அவற்றைப் பிரித்து வைத்தார். மிக அதிகமாக அனுப்பியவர்களில் ஒருவர் டாக்டர் மைனர். அமெரிக்க ராணுவத்தில் அறுவை மருத்துவராக இருந்தவர், மனநோய் முற்றி லண்டனில் ஒருவரைச் சுட்டுக் கொன்றதால் ப்ராட்மூர் காப்பகத்தில் அடைக்கப்பட்டவர். அறையில் இருந்தபடியே ஆண்டுக்கணக்கில் வாக்கியங்களைத் தேடி எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். மர்ரே 1915-இல் இறந்துபோனார். அகராதியின் முதல் பதிப்பு 1928-இல் முடிந்தது. அதில் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள்.

முதலில் வந்தது வாக்கியம், அப்புறம்தான் அர்த்தம். ஒரே மாதிரி வாக்கியங்களை ஒரு கட்டாகக் கட்டினார்கள். கட்டுக்கு ஒரு எண் கொடுத்தார்கள். 645 என்பது இப்படிக் கட்டிய கட்டுகளின் எண்ணிக்கை. வாக்கியங்களை எறிந்துவிட்டுக் கட்டின் மேல் ஒட்டிய எண்களைப் பாடம் செய்தால் கையில் என்ன மிஞ்சும்?

நீங்கள் 'ஓடு' என்ற சொல்லை எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்? பையன் ஓடுகிறான். கடிகாரம் ஓடுகிறது. அந்தப் படம் நூறு நாள் ஓடியது. கடை ஏதோ ஓடுகிறது. காலம் ஓடுகிறது. அவர் போனதிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. உன் மண்டைக்குள் என்னதான் ஓடுகிறது? கடைசி இரண்டும் எவ்வளவு நுட்பமானவை! ஒன்றில் மனம் கனத்து நிற்கிறது, மற்றதில் சந்தேகம் எட்டிப்பார்க்கிறது. தேவகோட்டையில் பிறந்த குழந்தைக்கு இதை யாரும் பட்டியல் போட்டுச் சொல்லித்தரவில்லை. வீட்டில் பேசினார்கள், காதில் விழுந்தது, வந்துவிட்டது.

இதில் பாதி 'ரன்'னுக்கும் பொருந்தும். படமும் கடையும் இயந்திரமும் ஆங்கிலத்திலும் ஓடத்தான் செய்கின்றன. 'ரன்' இப்படி வீங்கியதற்கே இயந்திரங்கள் ஒரு பெரிய காரணம். ரயில் வந்தது, அது ஓடியது. மோட்டார் வந்தது, அதுவும் ஓடியது. கடைசியில் கம்ப்யூட்டருக்குள் புரோகிராமும் ஓட ஆரம்பித்தது. ஆனால் மற்ற பாதிக்கு வாருங்கள். ஆங்கிலத்தில் மூக்கு ஓடும், நமக்கு ஒழுகும். துணி துவைத்தால் அங்கே சாயம் ஓடும். இங்கே சாயம் போகும். அமெரிக்காவில் ஒருவர் தேர்தலில் ஓடுவார். இங்கிலாந்தில் அதே தேர்தலில் நிற்பார். நாம் நிற்கிற கட்சி. நம் ஊரில் தேர்தலில் யாராவது ஓடினார் என்றால் டெபாசிட் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வோம். நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பத்தி கோடு போட்டு, இடது பக்கம் 'ரன்', வலது பக்கம் 'ஓடு' என்று எழுதிக்கொள்கிற மாணவருக்கு இதெல்லாம் எந்தக் கோட்டுக்குள் வரும்?

இனி கேள்வியின் இரண்டாம் பாதி. ஒரே அர்த்தம் தரும் பல சொற்கள் என்கிறீர்கள். இந்தப் பக்கத்தில் எனக்கும் கைடு புத்தகக்காரர்களுக்கும் பழைய சண்டை ஒன்று உண்டு. புது வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 'பிக்'கும் 'லார்ஜ்'உம் ஒன்று, 'ஸ்ட்ராங்'கும் 'பவர்ஃபுல்'உம் ஒன்று என்று அச்சிட்டு விற்பது மாணவர்களுக்குச் செய்கிற துரோகம் என்று எழுதியிருந்தேன். தேர்வில் கேட்கிறார்கள், நாங்கள் விற்கிறோம், உங்களுக்கு என்ன என்று ஒரு பதிப்பாளர் கடிதம் போட்டார். நான் இன்றும் அதே இடத்தில்தான் நிற்கிறேன். அக்காவை 'பிக் சிஸ்டர்' என்றால் அவர் மூத்தவர். 'லார்ஜ் சிஸ்டர்' என்று சொல்லிப் பாருங்கள், அக்கா ஒரு வாரம் பேச மாட்டார். டீயை ஸ்ட்ராங்காகக் கேட்கலாம். பவர்ஃபுல்லாகக் கேட்டால் கடைக்காரர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார்.

ஆங்கிலத்தில் இத்தனை ஒருபொருட் சொற்கள் குவிந்ததற்கு வரலாறு காரணம். 1066-இல் நார்மண்டியிலிருந்து வில்லியம் வந்து இங்கிலாந்தைப் பிடித்தார். அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு ஏறி உட்கார்ந்தது. தேவாலயமும் கல்வியும் லத்தீனில் இருந்தன. வயலிலும் வீட்டிலும் பழைய ஆங்கிலம் இருந்தது. அதனால் 'கேள்' என்பதற்கு மூன்று சொற்கள். 'ஆஸ்க்' வீட்டுச் சொல், பழைய ஆங்கிலம். 'கொஸ்டின்' பிரெஞ்சு வழி வந்தது. 'இன்டராகேட்' லத்தீன். அம்மா கேட்பது முதல் வகை, நிருபர் கேட்பது இரண்டாவது, போலீஸ் நிலையத்தில் கேட்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே வரியில் சமக்குறி போட்டு எழுதுகிறவர் மொழியைப் பார்த்ததே இல்லை என்பேன்.

பீட்டர் மார்க் ரோஜெட் என்ற மருத்துவர் 1852-இல், தன் 73 வயதில், ஆங்கில ஒருபொருட் சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்து வெளியிட்டார். கைடுகளின் மூலப் பாட்டனார் அவர்தான். ஆனால் அவர் எதற்காகச் செய்தார் என்பதை முன்னுரையிலேயே தெளிவாக எழுதிவிட்டார். எண்ணம் மனதில் இருக்கிறது, சொல் கிடைக்கவில்லை என்று திண்டாடுகிறவருக்காக. அதாவது, அந்த மொழியில் ஏற்கெனவே புழங்கி, சரியான சொல் கண்ணில் பட்டால் 'இதுதான்' என்று கண்டுகொள்ளக் கூடியவருக்காக. அந்த முன்னுரையில் நம் பக்கத்துச் செய்தி ஒன்றும் உண்டு: கோல்புரூக் மொழிபெயர்த்து 1808-இல் செராம்பூரில் அச்சான அமரகோசம் என்ற சமஸ்கிருதச் சொற்தொகுப்பை ரோஜெட் குறிப்பிடுகிறார். வகைப்பாடு குழப்பமாக இருக்கிறது என்று குறையும் சொல்கிறார். தமிழில் அதே வேலையைச் செய்த சேந்தன் திவாகரம் என்ற நிகண்டை, அதாவது பழைய செய்யுள் அகராதியை, அவர் பார்க்கவில்லை. எனக்கு அதில் தீராத ஆதங்கம்.

நம் நிகண்டுகளை மாணவர்கள் மனப்பாடம் செய்யவில்லையா என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். செய்தார்கள். மண்டல புருடர் சூடாமணி நிகண்டை விருத்தத்தில் பாடி வைத்ததே அதற்காகத்தான். அதில் ஒரு சொல் பல பொருளுக்கென்றே ஒரு தொகுதி, எதுகை வரிசையில். ஆனால் திண்ணைப் பள்ளிப் பையனுக்கு நிகண்டு மட்டுமா பாடம்? சதகமும் அந்தாதியும் கூடவே வந்தன. காலையில் நிகண்டில் கேட்ட சொல் மாலையில் ஒரு பாட்டுக்குள் உயிரோடு நிற்கும். தொல்காப்பியர் எச்சவியலில் திரிசொல் இரண்டு வகை என்கிறார்: ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்கள், பல பொருளைக் குறிக்கும் ஒரு சொல். உங்கள் கேள்வியின் இரண்டு பாதியும் அந்த ஒரு சூத்திரத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் அந்த வகைப்பாடு செய்யுள் செய்வதற்கான சொற்களைப் பற்றியது. பட்டியலுக்காகப் பட்டியல் அங்கே இல்லை.

இதனால்தான், எடுத்துக்காட்டு வாக்கியம் இல்லாத அகராதியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. 1992-இல் க்ரியா பதிப்பகம் தற்காலத் தமிழ் அகராதியைக் கொண்டுவந்தபோது அதில் எனக்குப் பிடித்தது அதுதான். பொருளைச் சொன்னதோடு விடாமல், அன்றாடம் நாம் சொல்லும் வாக்கியங்களைக் கொடுத்தார்கள். தமிழிலேயே நமக்கு அது தேவைப்படுகிறது என்றால் ஆங்கிலத்தில் எவ்வளவு தேவைப்படும்!

சரி, தேர்வுக்கு வருவோம். வங்கித் தேர்வில் க்ளோஸ் டெஸ்ட் என்று ஒரு பத்தியைக் கொடுத்து, நடுநடுவே சொற்களைப் பிடுங்கிவிட்டு நிரப்பச் சொல்கிறார்கள். பட்டியல் படித்தவர் தடுமாறுகிற இடம் அதுதான். கொடுத்திருக்கும் விடைகள் எல்லாம் கைடில் ஒரே வரியில் இருந்தவை. பத்திக்குள் ஒன்றுதான் உட்காரும். எனவே ஒரு ஆங்கில நாளிதழை எடுங்கள். விளையாட்டுப் பக்கம், வணிகப் பக்கம், அரசியல் பக்கம் மூன்றிலும் 'ரன்' வருகிற வாக்கியங்களை மர்ரே செய்ததுபோல் சீட்டில் முழுசாக எழுதுங்கள். அர்த்தம் எழுத வேண்டாம். இரண்டு வாரம் கழித்து நீங்களே கட்டுக் கட்டுங்கள். எந்தக் கட்டிலும் சேராமல் முரண்டு பிடிக்கிற வாக்கியம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் அதைப் பேசலாம்.