தறிக்கூடத்திலிருந்து மாநகராட்சிக்கு

கேள்வி: தியாகராய நகருக்குப் பெயர் தந்தவர் முதலமைச்சர் பதவியையே வேண்டாம் என்றவர் எனப் படித்தேன். அவர் அரசியல்வாதியா, வியாபாரியா? (பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்)

பதில்: உங்கள் பேட்டைக்காரரைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். 1852 ஏப்ரல் 27 அன்று பிறந்த பிட்டி தியாகராயர் நெசவுத் தொழிலைக் குலத்தொழிலாகக் கொண்ட தேவாங்கர் சமூகத்தைச் சேர்ந்தவர். மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்ற பிறகும் உத்தியோகம் தேடாமல் வண்ணாரப்பேட்டையில் தறிக்கூடம் நடத்தினார். ஏறத்தாழ நூறு தறிகள் ஓடிய அந்தக் கூடத்தின் சிறப்பு எண்ணிக்கையில் மட்டும் இல்லை. பழைய தறியில் நெசவாளர், குறுக்கு நூலைச் சுமந்து செல்லும் நாடா என்ற சிறு கட்டையை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிக்க வேண்டும். துணியின் அகலம் கைக்கு எட்டும் தூரத்தோடு நின்றுவிடும். கயிற்றைச் சுண்டினால் நாடா தானே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்கிற புது வகைத் தறியைச் சென்னையில் முன்கூட்டியே ஏற்றுக்கொண்டவர்களில் அவரும் ஒருவர். 1909 இல் தொடங்கப்பட்ட தென்னிந்திய வர்த்தக சங்கத்தின் முதல் தலைவரும் அவரே.

அரசியலுக்கு அவர் திடீரென்று வந்துவிடவில்லை. 1882 இல் சென்னை நகராட்சி மன்றத்துக்குள் நுழைந்து, சுமார் நாற்பது ஆண்டுகள் அங்கே இருந்தார். காங்கிரஸிலும் நெடுநாள் ஈடுபாடு கொண்டிருந்தார். அதே மன்றத்தில் டாக்டர் டி.எம்.நாயரும் அவரும் எதிரும் புதிருமாகவே இருந்தார்கள். அவர்களை ஒன்று சேர்த்த பெருமை டாக்டர் நடேச முதலியாரைச் சேரும். மூவரும் கூடியதன் விளைவாக 1916 நவம்பர் 20 அன்று தென்னிந்திய நல உரிமைச் சங்கம், அதாவது பின்னாளில் தன் பத்திரிகையின் பெயரால் ஜஸ்டிஸ் கட்சி என்றே வழங்கப்பட்ட அமைப்பு, உருவானது. அடுத்த மாதம் தியாகராயர் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கையைப் படித்தால் கணக்குப் பார்த்துப் பழகிய வியாபாரியின் கை தெரியும்: 1913 இல் நிரந்தர மாவட்ட முன்சீப்கள், அதாவது கீழ்நிலை உரிமையியல் நீதிபதிகள், 128 பேர், அவர்களில் பிராமணர் 93, பிராமணரல்லாத இந்துக்கள் 25. இப்படிப் பதவி பதவியாக எண்ணிக் காட்டியதுதான் அந்த அறிக்கையின் பலம் என்பது என் கருத்து.

1920 தேர்தலில் கட்சி வென்றதும் ஆளுநர் வெலிங்டன் பிரபு அமைச்சரவை அமைக்க அவரைத்தான் அழைத்தார். அவர் மறுத்துவிட, சுப்பராயலு ரெட்டியார் பொறுப்பேற்றார். மாநகராட்சித் தலைவர் நாற்காலியை மட்டும் தியாகராயர் விடவில்லை. அந்தத் தெரிவு எனக்கு வியப்பாக இல்லை. நகரம் அவருக்குக் கடைத்தெரு மாதிரி, மூலை முடுக்கெல்லாம் தெரிந்த இடம்.

கேள்வி: பள்ளியில் மதிய உணவு காமராஜர் காலத்தில்தானே வந்தது? தியாகராயர் பெயரையும் சிலர் சொல்கிறார்களே?

பதில்: இரண்டுமே சரி. மாநிலம் தழுவிய திட்டம் காமராஜர் ஆட்சியில் 1956 இல் வந்தது. அதற்கு 36 ஆண்டுகள் முன்பு, 1920 செப்டம்பர் 16 அன்று, தியாகராயர் தலைமையிலிருந்த மாநகராட்சி மன்றம் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. அங்கே படிப்பவர்கள் ஏழைகள், அதனால் பள்ளியில் பிள்ளைகள் குறைகிறார்கள் என்பதே சொல்லப்பட்ட காரணம். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்றும் வரம்பு கட்டினார்கள். பதினாறு அணா ஒரு ரூபாய் என்ற கணக்கில் நூறு பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஆறு ரூபாய் நான்கு அணா. தாராளம் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் கட்டுப்படியாகிற செலவு என்பதால்தான் திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்குப் பரவியது. அந்த ஐந்து பள்ளிகளிலும் 1922-23 இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25 இல் 1,671 ஆனது.

பிறகு அரசே குறுக்கே வந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்யக் கூடாது என்று தடுத்து, 1925 ஏப்ரல் 1 முதல் அதை நடைமுறைப்படுத்தியது. அதே மாதம் 28 ஆம் தேதி தியாகராயர் காலமானார்.