சுடும் கழகக் கேள்வி–பதில்: முதல் குண்டு ஏன் இறங்குகிறது?

கேள்வி: கழகத்தில் பெரெட்டா 92 பிஸ்டல் வைத்துப் பழகுகிறேன். வலது கைப் பழக்கம். முதல் குண்டு மட்டும் இடப்பக்கமாகக் கீழே போகிறது. மற்றவை சரியாக விழுகின்றன. கிளாக் பிஸ்டலுக்கு மாறிவிடலாமா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: மாற வேண்டாம். பின்புறம் இருக்கும் சுத்தி இறங்கியிருக்கும்போது, அதைப் பின்னுக்குத் தள்ளுவதும் விடுவிப்பதும் விரலால் இழுக்கும் விசையின் வேலைதான். அதனால் இழுப்பு நீளம், பாரமும் சுமார் 5 கிலோ. சுட்டதும் ஸ்லைடு (முன்பின் நகரும் மேல்பாகம்) பின்வாங்கிச் சுத்தியைத் தூக்கிவிடும்; அடுத்த இழுப்புக்கு ஏறக்குறைய பாதி பாரமே போதும். அந்த முதல் நீண்ட இழுப்பில் மற்ற விரல்களும் சேர்ந்து இறுகுவதால் குழல்முனை சாய்கிறது.

கள அலுவலரின் அனுமதியோடு, குண்டில்லாத துப்பாக்கியில் பழகுங்கள். குழல்முனையில் உள்ள முன்குறி அசையாமல், நடுவில் நிறுத்தாமல் ஒரே சீராக இழுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஸ்லைடை இழுத்து, லீவரால் சுத்தியை இறக்குங்கள். கட்டைவிரலால் இறக்கவே வேண்டாம், வழுக்கும். பிறகு 2 தோட்டா மட்டும் போட்டு, ஒன்று பாரமான இழுப்பு, ஒன்று இலகுவான இழுப்பு என்று சுட்டுப் பாருங்கள்.

கிளாக்கில் எல்லா இழுப்பும் ஒன்றுதான், சுமார் 2.5 கிலோ. ஆனால் கழற்றும்போது விசையை அழுத்தியாக வேண்டும். முதலில் மேகசினை (தோட்டாக்கள் இருக்கும் பெட்டியை) வெளியே எடுங்கள், பிறகுதான் ஸ்லைடை இழுங்கள். வரிசை மாறினால், வெளியே தள்ளிய தோட்டாவின் இடத்துக்கு மேகசினிலிருந்து இன்னொன்று ஏறிவிடும். தோட்டா அறை காலி என்று நினைத்து விசையை அழுத்துவீர்கள். கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு அறையைச் சோதித்த பிறகே அழுத்துங்கள்.

கேள்வி: நம் போலீசார் வைத்திருக்கும் வால்தர் பி99-க்கும் வெளியே சுத்தி இல்லையே. கிளாக் மாதிரிதானா?
– வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: சுத்தி இல்லாததை வைத்து முடிவு கட்டாதீர்கள். பி99-இன் ஏஎஸ் ரகத்தில் ஸ்டிரைக்கரே (சுத்திக்குப் பதிலாக உள்ளிருந்து தோட்டாவை அடிக்கும் ஊசி) இரண்டு விதமாக வேலை செய்யும். ஸ்லைடின் மேல் இடப்பக்கப் பொத்தானை அழுத்தினால் ஸ்டிரைக்கர் தளரும். அதன்பின் முதல் இழுப்பு சுமார் 4 கிலோ, தொடர்ந்து வருபவை 2 கிலோ. தயார் நிலையில் பின்புறம் சிவப்பு முனை எட்டிப் பார்க்கும். இதைக் கழற்ற விசையைத் தொடத் தேவையில்லை, பொத்தானே போதும். எனக்குப் பிடித்த அமைப்பு இது.

கேள்வி: 25 மீட்டர் போட்டிக்கு .22 பிஸ்டலின் விசையை எவ்வளவு இலகுவாக்கலாம்?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: 1000 கிராமுக்குக் குறையக் கூடாது. சரியாக 1000-இல் வைத்தால் சோதனை மேசையில் தவறிவிடும், 1050-இல் வையுங்கள். வெறும் அறையில் சுட்டுப் பழகினால் ஊசி அறையின் விளிம்பில் மோதி அதை நசுக்கும் ரகங்கள் உண்டு. போலித் தோட்டா போட்டுக்கொள்ளுங்கள்.